ஊருக்கு ஒரு சூரியோதயம்



அபர்டீன் பஜாரில் வாங்கி எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டர், சென்னைக்குக் கணிக்கப்பட்டது. அதைப் பார்த்துத்தான் என் தாயார் ஏகாதசி விரதம் இருந்து வருகிறார். ஒரு மே மாதக் காலையில் என் மகன் கேட்டான்: "பாட்டி, தசமி 5.40 வரை என்று போட்டிருக்கிறதே. 5 மணிக்கே வெயில் வந்துவிட்டது. அப்படியென்றால் இன்று தசமிதானே?" அம்மா திகைத்துப் போனார். "இத்தனை வருஷமும் தப்பான நாளிலா விரதம் இருந்தேன்?" என்று என்னைக் கேட்டார்.

இதற்கு விடை காணச் சில அடிப்படைகளை அறிய வேண்டும். பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் சூரியக் கணக்கு. ஆகவே அவை ஆங்கிலத் தேதியில் அதிகம் நகர்வதில்லை. நம் அண்டை வீட்டுத் தெலுங்கர்களின் யுகாதி சந்திரக் கணக்கு. பன்னிரண்டு சந்திர மாதங்களுக்கு 354 நாட்களே. ஆண்டுக்கு 11 நாள் குறைவதால், 19 ஆண்டுகளில் 7 முறை ஓர் அதிக மாதம் சேர்க்கிறார்கள். நம் தீபாவளியும் ஏகாதசியும் திதியை ஒட்டியவை.

திதி மாறும் நொடி இந்தியா முழுவதற்கும் ஒன்றே. ஆனால் சூரியோதயம் ஊருக்கு ஊர் வேறு. போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சென்னைக்குக் கிழக்கே சுமார் 12½ பாகை தள்ளி இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் வீதம், இங்கே ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாகப் பொழுது விடிகிறது. உதயத்தில் இருக்கும் திதியே அந்நாளின் திதி என்பது பொது விதி. ஆகவே, என் மகன் சுட்டிய நாள் சென்னைக்கு ஏகாதசி, நமக்குத் தசமி!

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. வியட்நாமியரின் புத்தாண்டான 'டெட்' சந்திரக் கணக்கின்படி, அமாவாசை நேரும் நாளில் பிறக்கிறது. 1967-இல் வட வியட்நாம், சீன நேரத்தை விட்டு ஹனோய் நேரப்படி நாட்காட்டியைக் கணிக்க முடிவு செய்தது. அடுத்த ஆண்டே வேறுபாடு தெரிந்தது. அமாவாசை நேர்ந்தபோது ஹனோயில் இரவு 11.29, தெற்கே சைகோன் கடிகாரத்தில் 12.29. ஆகவே 1968-இல் வடக்கில் ஜனவரி 29-லும், தெற்கில் ஜனவரி 30-லும் டெட் கொண்டாடினார்கள். 1985-இல் வியட்நாமில் ஜனவரி 21, சீனாவில் பிப்ரவரி 20 என ஒரு மாத இடைவெளியே விழுந்தது. நிலவு ஒன்றுதான். அதை எந்த ஊரின் கடிகாரத்தில் எண்ணுகிறோம் என்பதே வேறுபாடு.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லி, "நீங்கள் செய்தது தவறில்லையம்மா. கோயிலும் சுற்றமும் ஏற்ற ஒரே பஞ்சாங்கத்தைப் பின்பற்றினீர்கள். அதுவும் ஒரு முறைதான்" என்றேன். அம்மா சற்று யோசித்துவிட்டு, "இருந்தாலும் இந்த ஊர்ச் சூரியனையும் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். இப்போது சந்தேகம் வரும் நாட்களில் குருக்களைக் கேட்டுக்கொள்கிறார்.

சிறுவர்களுக்குப் பயிற்சி: ஒரு வாரம் காலையில் எழுந்து, சூரியன் உதிக்கும் நேரத்தைக் காலண்டர் தாளில் எழுதுங்கள். அன்று அச்சிட்டிருக்கும் திதி முடியும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். எந்த நாளில் சென்னையும் நம் ஊரும் வேறுபடுகின்றன என்று நீங்களே பெரியவர்களுக்குச் சொல்லலாம்.