பிள்ளையார்பாளையத்திலிருந்து ஏலகிரி: ஒரே நாளில் ருசி பார்த்துத் திரும்ப 18 குறிப்புகள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் பத்து நெசவுக் குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து, வழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, ஏலகிரிக்கு ஒருநாள் போய்வருவது வழக்கம். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பினால் ராத்திரி படுக்க வீட்டுக்கு வந்துவிடலாம். வழியெல்லாம் வாய்க்குப் பேர்போன ஊர்கள். ஆற்காட்டில் மக்கன் பேடா, ஆம்பூரில் பிரியாணி, மலைமேல் பலாவும் தேனும் சாமையும். ஆனால் பாதையில் வருகிற வரிசையிலேயே எல்லாவற்றையும் சாப்பிட்டால் கொண்டை ஊசி வளைவில் வயிறு புரட்டிவிடும். வயிற்றுக்கு வேறு வரிசை உண்டு. அதைப் பிடித்துக்கொண்டால், நாள் முழுக்கத் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கிற நம் வீட்டு மனிதர்களுக்கு அந்த ஒரு நாள் முழுசாகக் கிடைக்கும்.

1. முதலில் நாள். அமாவாசையன்று எங்கள் வீட்டில் தறியில் உட்கார மாட்டோம், அதனால் அன்றைக்கே போகலாம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அன்று கவுச்சி தொடாத வீடுகளுக்கு ஆம்பூர் பிரியாணி இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மலையில் கூட்டம். பாவு முடிந்து, அடுத்த பாவு பிணைப்பதற்கு முன் கிடைக்கிற வேலை நாள்தான் நல்லது. பத்து வீட்டுக்கும் ஒரே நாளில் பாவு முடியாதுதான். பதினைந்து நாளுக்கு முன்பே தேதியைச் சொல்லிவிட்டால் அவரவர் சேலையை அதற்குத் தகுந்தபடி முடித்துக்கொள்வார்கள். வைகாசியில் வரதர் கருட சேவை நெருங்கும்போது ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள். தெருவெல்லாம் ஜனம், வண்டி நகராது. ஆனி மாதம் தோது. வெயில் சற்றுத் தணிந்திருக்கும், பலாவும் இருக்கும்.

2. கூட்டிப்போகிறவரிடம் முன்பணம் கொடுக்கும் முன் நான்கு விஷயத்தைத் தாளில் எழுதி வாங்குங்கள். எங்கெங்கே நிற்கும், ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம், ருசி பார்க்கிற பண்டத்துக்குக் காசு தனியா சேர்த்தா, இருட்டும் முன் மலையிலிருந்து இறங்கிவிடுவோமா. ஒருமுறை எங்களைக் கூட்டிப்போனவர் “சும்மா ருசி பாருங்கள்” என்று ஒரு கடையில் முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டார். மலைமேல் இருக்கிற புங்கனூர் ஏரிக்குப் போனபோது படகு டிக்கெட் கொடுப்பதை முடித்துவிட்டிருந்தார்கள். படகுக்காகவே வந்த பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அதிலிருந்து ஏரிதான் முதலில், கடை பிறகு.

3. வேனில் மஞ்சள் நம்பர் போர்டு இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை போர்டு சொந்த உபயோகத்துக்கானது. அதை வாடகைக்கு எடுத்துப் போய் விபத்து என்று வந்தால் காப்பீட்டில் சிக்கல் வரும்.

4. வாடகை, டீசல், சுங்கக் கட்டணம், டிரைவர் பேட்டா எல்லாவற்றையும் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று வகுங்கள். போகும்போதே வாலாஜா, பள்ளிகொண்டா என்று சுங்கச்சாவடிகள் இருக்கின்றன. சாப்பாட்டுக் காசை இதில் சேர்க்க வேண்டாம். சாப்பிடுகிறவர் கொடுக்கட்டும். அப்போதுதான் பிரியாணி சாப்பிடாதவருக்கு மனக்குறை வராது.

5. பாதி நெய்த சேலை தறியில் இருந்தால் அதன்மேல் சுத்தமான பழைய வேட்டியைப் போர்த்திவிட்டுக் கிளம்புங்கள். ஜரிகையில் ஈரக்காற்றும் தூசும் படக் கூடாது. தார்க்குச்சிகளை டப்பாவில் போட்டு மூடுங்கள். தறி இருக்கிற அறையில் தின்பண்டம் எதையும் வைக்காதீர்கள், எலி வரும்.

6. பட்டுச்சேலை வேண்டாம். பிரியாணி நெய்யும் பலாப்பாலும் பட்டில் பட்டால் எடுப்பது கஷ்டம் என்று நமக்கே தெரியும். பருத்திச் சேலை, பிடிப்புள்ள செருப்பு, பெரியவர்களுக்கு ஒரு சால்வை. ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும். மார்கழி, தையில் போனால் காதை மூடத் துணியும் தேவை.

7. காலைப் பலகாரத்தை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். நம் ஊர்க் கோவில் இட்லியை விட வழிக்கு ஏற்ற பலகாரத்தை நான் பார்த்ததில்லை. மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் எல்லாம் மாவிலேயே இருக்கிறது. சட்னி கூட வேண்டாம், பொடி போதும். வரதராஜப் பெருமாள் கோவிலில் மூங்கில் குடலையில் மந்தார இலை பரப்பி வேகவைப்பார்கள். வீட்டில் நீளமான டம்ளரில் நெய் தடவி மாவை முக்கால் அளவு ஊற்றி ஆவியில் வேகவைத்தால் போதும். ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்து, மாவு ஒட்டாமல் வந்தால் இறக்குங்கள். நன்றாக ஆறிய பிறகு வட்டமாக வெட்டி, அனலில் வாட்டிய வாழையிலையில் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் வேர்த்து ஊசிப்போகும். ஆளுக்கு இரண்டு துண்டுக்கு மேல் தராதீர்கள். மிளகும் சுக்கும் வயிற்றைக் கட்டுப்பாட்டில் வைக்கும், பசியும் மிச்சமிருக்கும்.

8. காலை நாலரைக்கு வண்டி நகர வேண்டும். பெண்கள் தலை பின்னிக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு வந்து ஏறினால் போதும், மீதித் தூக்கம் வண்டியில். வெள்ளைகேட்டில் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால் வேலூர் தாண்டும்வரை சாலை நேர்.

9. வருஷக்கணக்காகக் குழித்தறியில் உட்கார்ந்தவர்களுக்கு இடுப்பும் முழங்காலும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லி ஐந்து நிமிஷம் நடங்கள். இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டு ஒன்று வையுங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்தால் கால் வீங்காது.

10. மலைப்பாதையில் மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயர் அல்லது ஒரு வள்ளல் பெயர். பாரதியார், கம்பர், அவ்வையார் என்று போய், பாரி, காரி, ஓரி என்று வரும். தலைசுற்றல் உள்ளவரை முன் இருக்கையில் உட்காரவைத்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்போன் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். டாக்டர் சொன்ன வாந்தி மாத்திரை இருந்தால் அடிவாரத்துக்கு வருவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வளைவு ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. என் மாமியாருக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளாது. இஞ்சித் துண்டை உப்பில் தோய்த்து வாயில் அடக்கிக்கொள்வார். முதல்முறை போனபோது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தார். பேரன் ஒவ்வொரு வளைவிலும் பெயர்ப்பலகையைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தான். பாதி வளைவு தாண்டியதும் அத்தை கண்ணைத் திறந்து, “அடுத்து யாருடா?” என்று கேட்டார். மேலே போய்ச் சேரும்வரை வாந்தி என்ற பேச்சே இல்லை. அதிலிருந்து எங்கள் வேனில் பலகை படிப்பது பிள்ளைகளின் வேலை.

11. காது அடைத்தால் எச்சிலை விழுங்குங்கள், அல்லது எதையாவது மெல்லுங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால் சரியாகும். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்பது விதி. இறங்கும்போது டிரைவர் சின்ன கியரில் வருகிறாரா என்று முன்னால் இருப்பவர் கவனிக்கட்டும். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும்.

12. ருசி பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆளுக்கு ஒரு சின்ன எவர்சில்வர் தட்டும் ஸ்பூனும் வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள். ஒன்றைச் சாப்பிட்டு அடுத்ததற்குப் போகும் முன் ஒரு பிடி உப்பில்லாத பொரியும் ஒரு மடக்கு வெந்நீரும். நாக்கு சுத்தமாகிவிடும். கைப்பான பண்டத்தையும் உறைப்பானதையும் முதலில் பாருங்கள், இனிப்பு கடைசி. இனிப்பு முதலில் போனால் மற்ற எதுவும் நாக்குக்குத் தெரியாது. சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரை நேரத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

13. தேன். அத்தனாவூர்ப் பக்கம் கடைகளில் மலைத்தேன், கொம்புத்தேன் என்று வரிசையாக வைத்திருப்பார்கள். பூவுக்குத் தகுந்தபடி ருசி மாறும். நாவல் பூத்த காலத்துத் தேனில் லேசான கைப்பு இருக்கும், அது குறையல்ல. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியை நனைத்துக் கொளுத்துவது இவற்றை நம்பாதீர்கள். கெட்டியான பாகும் அந்தப் பரீட்சையில் தேறிவிடும். புட்டியில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைப் பாருங்கள். வீட்டுக்கு வந்து தேன் உறைந்தால் கலப்படம் என்று கொட்டிவிடாதீர்கள். நல்ல தேனும் உறையும். புட்டியை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகும், அடுப்பில் வைக்கக் கூடாது. ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்க என்று மலைத்தேன் வாங்கிவரச் சொல்லும் வீடுகள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தரவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சு உண்டாக்கும். உயிருக்கே ஆபத்து.

14. பலாவை முழுசாக வாங்கினால் வேன் முழுக்க அந்த மணம்தான், வாந்தி வருகிறவருக்கு இறங்கும்போது ஆகாது. அங்கேயே அறுத்துச் சுளையெடுத்து, மூடி போட்ட டப்பாவில் வாங்குங்கள். நீங்களே அறுப்பதானால் கத்திக்கும் கைக்கும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று, நான்கு சுளை போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் பலாவைத் தொட வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம். கொட்டையை மட்டும் யாரும் எறியாமல் ஒரு பையில் சேர்த்துவிடுங்கள்.

15. மலைவாழ் மக்கள் விளைவிக்கிற சாமை கிடைத்தால் ஒரு கிலோ வாங்குங்கள். கூட்டிப்போகிறவரிடம் முன்பே சொல்லிவைத்தால் மதியத்துக்குச் சாமைச்சோறு ஏற்பாடு செய்துவிடுவார். சூடான சாமைச்சோறும் கீரைக் கடைசலும் மலைக்காற்றில் சாப்பிட்டால் தனி நிறைவு, வயிறும் பாரமாகாது. வீட்டில் செய்ய, கல் பார்த்துக் களைந்து, இருபது நிமிஷம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர் வைத்தால் உதிரியாக வரும். பொங்கலுக்கு மூன்று பங்குக்கு மேல் வேண்டும்.

16. குரங்குக்கு எதையும் கொடுக்காதீர்கள், கையில் பையைத் தொங்கவிட்டும் நடக்காதீர்கள். ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக் பை, கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. மஞ்சப்பை நான்கு எடுத்துப் போனால் போகும்போது பலகாரம், வரும்போது சாமை.

17. மாலை நாலுக்கெல்லாம் இறக்கம். இப்போதுதான் ஆம்பூர். காலையில் இதே ஊரைத் தாண்டிப் போனபோது நிறுத்தச் சொல்லி வண்டியில் பாதிப் பேர் கேட்டிருப்பார்கள், நீங்கள் அசைந்திருக்கக் கூடாது. பிரியாணி சாப்பிட்டு அரை மணியில் 14 வளைவு ஏறுவது யாருக்கும் ஆகாது. சீரக சம்பா அரிசி, காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, அளவான மசாலா, பக்கத்தில் புளிப்பும் உறைப்புமாகக் கத்திரிக்காய், தயிர் வெங்காயம். ஆற்காடு நவாப் காலத்துச் சமையல்காரர்கள் வழியாக வந்த கைப்பக்குவம் என்பார்கள். இருவருக்கு ஒரு பிளேட் சொல்லுங்கள், வேண்டுமானால் இன்னொன்று. தம் எப்போது உடைத்தார்கள் என்று கேளுங்கள். மதியம் உடைத்த அண்டாவில் அடியில் கிடப்பதற்கு இனிமேல் உடைக்கப்போகிற அண்டாவுக்குக் காத்திருக்கலாம். சைவக்காரர்களுக்கு அதே நேரத்தில் இட்லி, தோசைக் கடையில் இடம் பார்த்துவைக்க வேண்டியது கூட்டிப்போகிறவர் பொறுப்பு. அவர்களை வேனில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் சாப்பிடப் போகாதீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்குப் பார்சல் வேண்டாம். ஆம்பூரிலிருந்து காஞ்சிபுரம் சேர இரண்டரை மணி நேரமாவது ஆகும். சமைத்த கறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருப்பது நல்லதல்ல. அவர்களுக்கு ஆற்காடு மக்கன் பேடா இருக்கிறது. கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே பருப்புத் துண்டுகள் வைத்து, பொரித்துப் பாகில் ஊறப்போட்டது. அட்டைப்பெட்டியில் வாங்கினால் பாகு ஒழுகி எல்லாம் பிசுபிசுக்கும், வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுபோங்கள். வேலூர் முள்ளுக் கத்திரிக்காய் கண்ணில் பட்டால் அரைக் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற காய், காம்பில் முள் இருக்கும், கையைக் கவனியுங்கள்.

18. ராத்திரி வந்ததும் ஒரு டம்ளர் சீரகத் தண்ணீர், வெந்நீரில் கால் கழுவித் தூக்கம். மறுநாள் காலை பலாக்கொட்டையைக் கழுவி, வெள்ளைத் தோல் பிரியும்வரை இரண்டு, மூன்று நாள் நிழலில் உலர்த்துங்கள். இரண்டாகக் கீறி, அந்த முள்ளுக் கத்திரிக்காயோடும் ஒரு முருங்கைக்காயோடும் சாம்பாரில் போடுங்கள். கொட்டை வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும், அதைத் துவரம்பருப்போடு சேர்த்தே குக்கரில் வைத்துவிடுங்கள்.