மக்கு யார்?

எங்கள் அக்கா மகனுக்கு ஆறு வயது. ராயபுரம் வீட்டில் ஒருநாள் இரண்டு டம்ளரில் ஒரே அளவு மோர் ஊற்றி, "எதுல ஜாஸ்தி?" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான் மாமா" என்றான். அவன் கண்ணெதிரே ஒரு டம்ளர் மோரை அகலமான கிண்ணத்தில் ஊற்றிவிட்டு மறுபடி கேட்டேன். "டம்ளர்லதான் ஜாஸ்தி!" என்றான். "மக்கு" என்று ஒரு குட்டு வைத்தேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, மக்கு அவனல்ல, நான்தான் என்று!

சுவிட்சர்லாந்து அறிஞர் ஜீன் பியாஜே (1896-1980) இதே சோதனையைக் குழந்தைகளிடம் செய்து பார்த்தவர். சிந்தனை நான்கு படிகளில் வளர்கிறது என்றார் அவர்.

1. புலனியக்க நிலை (2 வயது வரை): தொட்டும் வாயில் வைத்தும் உலகை அறியும்.

2. செயலுக்கு முற்பட்ட நிலை (2-7): பேச்சு வரும், பாவனை விளையாட்டு வரும். ஆனால் உயரத்தைப் பார்த்தால் அகலத்தை விட்டுவிடும். நம்ம பையன் இங்கேதான் இருக்கிறான்!

3. பொருள்சார் செயல்நிலை (7-11): கையில் பொருள் இருந்தால் காரணத்தோடு யோசிக்கும்.

4. முறையான செயல்நிலை (11-க்கு மேல்): பொருள் இல்லாமலே மனதில் கணக்குப் போடும்.

வயது பிள்ளைக்குப் பிள்ளை முன்பின் ஆகலாம். ஆனால் கைக்கு எட்டிய பிறகே கருத்து எட்டும் என்பதுதான் இதில் நமக்குப் பாடம்.

நம் சென்னையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 2003-ல் ஆணையர் எம்.பி.விஜயகுமார் காலத்தில் மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலி முறைதான் முன்மாதிரி. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, அவரவர் வேகத்தில் படிப்படியாக ஏறினார்கள். 2007-08-ல் இது தமிழகம் முழுவதும் பரவியது.

நண்பர்களே, நாம் மட்டும் என்ன? முதலாண்டு டிராயிங் வகுப்பில் புரொஜெக்‌ஷன் புரியாமல் எத்தனை பேர் முழித்தோம்! மரக்கட்டை மாடலைக் கையில் திருப்பிப் பார்த்த பிறகுதானே பிடிபட்டது?

நம்மில் பலர் மாலையில் தெருப்பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறோம். 'மக்கு' என்ற சொல் வாய்க்கு வருமுன், அந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்ப்போம். இப்போதெல்லாம் அக்கா மகனுக்குக் கூட்டல் சொல்லித்தர என் பையில் பத்து நட்டுகள் வைத்திருக்கிறேன். குட்டு இல்லாமலே கணக்கு வருகிறது!