சுடாத பிஸ்டல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் இருந்த புத்தக அலமாரியில் அதைப் பார்த்துவிட்டாய். "மாமா, அது நிஜத் துப்பாக்கியா? எனக்கும் ஒண்ணு வாங்கி அனுப்புறீங்களா?" என்று நீ கேட்டு முடிப்பதற்குள் அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய சமாதானத்தை அன்றைக்கே சொல்லிவிட்டேன். உனக்குச் சொல்ல வேண்டியது போனில் அடங்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அது நிஜமில்லை. சுடாது, சுட வைக்கவும் முடியாது. குழல் உள்ளே அடைபட்டிருக்கிறது, தோட்டா நுழைய வழியே கிடையாது. ஸ்பெயின் நாட்டு மெனோர்க்கா தீவில் இருக்கும் டெனிக்ஸ் என்ற நிறுவனம் துத்தநாகக் கலவையில் வார்த்துச் செய்த பிரதி. அசலின் பெயர் எம்1911. அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் 29 அன்று ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கி. 1985இல் பெரெட்டா பிஸ்டல் வந்து அதன் இடத்தைப் பிடிக்கும்வரை, இரண்டு உலகப் போர்கள், கொரியா, வியட்நாம் என்று 74 வருஷம் சிப்பாய்களின் இடுப்பில் தொங்கியது.

ஒரு பொம்மைக்கு இவ்வளவு பீடிகையா என்று நீ நினைக்கலாம். தீபாவளிக்குச் சுருள் கேப் போட்டு வெடித்தாயே, அது பொம்மை. முதலில் இதைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். அசல் ஒரு கிலோவைத் தாண்டும், பிரதியும் கிட்டத்தட்ட அதே கனம். சினிமாவில் கதாநாயகன் ஒற்றை விரலில் சுழற்றுகிற சாமான் இது இல்லை என்பது முதல் நிமிஷத்திலேயே புரிந்துவிடும். கையை நீட்டிப் பிடித்து ஒரு நிமிஷம் நின்றால் தோள் வலிக்கும்.

அடுத்து, அதைக் கழற்ற வேண்டும். நான் வாங்கியது கழற்றிப் பூட்டக்கூடிய வகை. பிரதி வாங்குவதில் இதைத்தான் சுகம் என்று சொல்வேன், சுவரில் மாட்டி வைப்பதை அல்ல. குழல் முனையில் ஒரு வளையம், அதற்குக் கீழே ஒரு சின்ன மூடி. மூடியைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு வளையத்தைத் திருப்பினால் உள்ளே ஒடுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங் வெளியே வரும். பிறகு பக்கவாட்டில் ஒரு முளையைத் தள்ளினால் ஸ்லைடு என்கிற மேல்பாகம் முழுசாக முன்னால் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். திருப்புளியே வேண்டாம். அசலில்கூட, பிடியின் இரண்டு பக்கத் தகடுகளையும் பிடித்திருக்கிற நான்கு திருகாணிகளைத் தவிர வேறு திருகாணி கிடையாது. சேற்றிலும் இருட்டிலும் உட்கார்ந்து கழற்றப்போகிறவனை மனதில் வைத்துச் செய்தது என்பது அங்கேயே தெரிகிறது.

குழலை வெளியே எடுத்தால் அதன் முதுகில் இரண்டு வரப்புகள் இருக்கும். ஸ்லைடின் உட்புறத்தில் அவற்றுக்கு ஏற்ற பள்ளங்கள். குழலுக்கு அடியில் கீல் மாதிரி ஒரு குட்டிக் கண்ணி. அசலில் சுடும் கணத்தில் வரப்பும் பள்ளமும் ஒன்றையொன்று கவ்வியபடி குழலும் ஸ்லைடும் சேர்ந்தே கொஞ்சம் பின்னால் நகரும். அதற்குள் குண்டு குழலைவிட்டுப் போய்விடும். அப்போது அந்தக் கண்ணி குழலின் பின்பக்கத்தைக் கீழே இழுக்கும், கவ்வல் விடும். ஸ்லைடு மட்டும் தனியாகப் பின்னால் ஓடி வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, சுத்தியலையும் மடக்கிவிட்டுத் திரும்பி வரும். வரும்போதே மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை உருவிக்கொண்டு வரும். அந்தக் கண்ணி விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. படம் போட்ட புத்தகங்களில் இதைப் பத்துத் தடவை படித்தும் எனக்கு விளங்கியதில்லை. குழலைக் கையில் வைத்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்த அன்றைக்குத்தான் "அட!" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

இதை வடிவமைத்த ஜான் மோசஸ் பிரௌனிங், யூட்டா மாகாணத்து ஆக்டன் ஊர்க்காரர். அப்பா துப்பாக்கிக் கொல்லர், பையன் அந்தப் பட்டறையிலேயே வளர்ந்தவர். தன் பெயரில் 128 காப்புரிமைகள் வாங்கினார். 1911 மார்ச்சில் நடந்த சோதனையில் இவருடைய பிஸ்டலை 6,000 தடவை சுட்டுப் பார்த்தார்கள், சூடேறினால் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. போட்டியிட்ட சாவேஜ் நிறுவனத்து பிஸ்டல் 37 தடவை தகராறு செய்தது. 1914இல் சராயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டுக் கொன்ற பிஸ்டலும் இதே பிரௌனிங் வடிவமைத்து பெல்ஜியத்தில் செய்ததுதான். போரைத் தொடங்கி வைத்த துப்பாக்கியும், அந்தப் போருக்கு அமெரிக்கர்கள் எடுத்துப்போன துப்பாக்கியும் ஒரே மனிதனின் கைவேலை. அவரை மேதை என்று நான் சொல்வேன். மேதை என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன்.

இந்தப் பிஸ்டலுக்குள் ஒரு குதிரை இருக்கிறது, தெரியுமா? பிடியின் அடியில் ஒரு வளையம் இருக்கும். ஓடுகிற குதிரையிலிருந்து பிஸ்டல் கைதவறினால் தரையில் விழாமல் இருக்க, கயிறு கட்டுவதற்கான வளையம் அது. பின்பக்கம் கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில் ஒரு பூட்டு இருக்கிறது. ஒரு கையில் கடிவாளம் இருக்கும்போது மற்றக் கையாலேயே பிஸ்டலைப் பூட்டியாக வேண்டும் என்று குதிரைப்படை கேட்டதால் வந்தது. குதிரைகள் போர்க்களத்தைவிட்டுப் போன பிறகும் அந்த வளையமும் பூட்டும் போகவில்லை. ஒரு பழைய சாமானைக் கையில் வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் தானாகக் கேள்வியாக எழும். "இது எதற்கு இங்கே இருக்கிறது?" என்று கேட்கப் பழகிவிட்டால் பாதி வரலாறு படித்த மாதிரி.

இன்னொரு விஷயம், உன் அம்மாவுக்கும் பிடிக்கும், படித்துக் காட்டு. இரண்டாம் உலகப் போரில், இதைச் செய்துவந்த கோல்ட் நிறுவனத்தால் மட்டும் செய்து தீரவில்லை என்று ராணுவம் வேறு தொழிற்சாலைகளிடம் போனது. ரயில்வே சிக்னல் செய்கிற கம்பெனி ஒன்று 55,000 செய்து கொடுத்தது. டைப்ரைட்டர் செய்துகொண்டிருந்த ரெமிங்டன் ராண்ட், முதலில் உதிரிபாகங்கள் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாமல் திணறி, பிறகு எல்லோரையும் முந்திக்கொண்டு 9 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் செய்து தள்ளியது. அக்கா இன்ஸ்டிட்யூட்டில் லோயர் பாஸ் பண்ணியது ரெமிங்டன் மெஷினில்தான்! அதைவிட வேடிக்கை, நம் ஆத்தா வீட்டுத் திண்ணையில் இருந்ததே தையல் மெஷின், அந்த சிங்கர் கம்பெனியும் இந்த பிஸ்டல் செய்திருக்கிறது. 500 மட்டும். இன்றைக்கு அந்த ஐந்நூறில் ஒன்று ஏலத்துக்கு வந்தால் ஒரு வீட்டின் விலைக்குப் போகிறது.

அசல் எனக்கு வேண்டாம். விலை ஒரு காரணம், அது சின்னக் காரணம். நான் இருக்கும் ஒஹாயோவில் சுடுகிற அசலையே வாங்கலாம். ஆனால் சுடுகிற ஒன்று வீட்டில் இருந்தால் எப்போதும் அதன் நினைப்பாகவே இருக்கும். பூட்டினேனா, சாவி எங்கே, யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று. எனக்கு வேண்டியது அதன் கணக்கும் கைவேலையும். அவை இரண்டும் துத்தநாகத்தில் அப்படியே வந்துவிடுகின்றன.

கண்ணும் பழகிவிடும். 1924க்குப் பிறகு இந்த பிஸ்டலில் சில மாற்றங்கள் செய்தார்கள். விசை குட்டையானது, விசைக்குப் பின்னால் சட்டத்தில் இரண்டு பக்கமும் விரலுக்காகச் சீவிவிட்டார்கள், பிடியின் முதுகு வளைந்தது. அதற்கு எம்1911ஏ1 என்று பெயர். என்னுடையது அந்த வகை. முதல் உலகப் போரைப் பற்றிய படத்தில் ஒரு சிப்பாய் வளைந்த முதுகுள்ள பிஸ்டலை எடுத்தால் இப்போது சிரித்துவிடுகிறேன். 1969இல் வந்த 'தி வைல்ட் பன்ச்' படத்தில் எம்1911 என்று காட்டுவது உண்மையில் எம்1911 இல்லை, ஸ்டார் என்ற ஸ்பெயின் பிஸ்டல். வெற்றுத் தோட்டா போட்டால் அசல் அந்தக் காலத்தில் ஒழுங்காக இயங்காது, ஸ்டார் இயங்கும், அதனால் ஆள் மாறாட்டம். எம்1911 பிடியின் பின்பக்கம் உள்ளங்கை அழுத்தினால் மட்டுமே சுட விடுகிற ஒரு காப்பு உண்டு. ஸ்டாரில் அது இல்லை. அந்த இடத்தைப் பார்த்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். உன் அத்தை என்னோடு படம் பார்க்க உட்காருவதை நிறுத்திவிட்டாள், அது வேறு கதை.

இனி அக்காவின் பயத்துக்கு வருகிறேன். அவள் பயம் வீண் பயமில்லை.

என் பிரதியின் குழல் முனையில் ஆரஞ்சு நிற அடைப்பு ஒன்று இருப்பதைக் கவனித்தாயா? 1988இல் அமெரிக்காவில் வந்த சட்டப்படி வைப்பது. வாங்கிய முதல் வாரம், அழகைக் கெடுக்கிறதே என்று அதைப் பிடுங்கிப் போடக் கை துறுதுறுத்தது. நான் பிடுங்கவில்லை. என் ஊரிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் கிளீவ்லாந்து. அங்கே 2014 நவம்பர் 22 அன்று டாமிர் ரைஸ் என்ற பையன் பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்தான். பிளாஸ்டிக் ரவை போடுகிற பிரதி, இதே 1911 வடிவம். ஆரஞ்சு முனை இல்லை. யாரோ போலீசுக்குப் போன் செய்தார்கள். அநேகமாகப் பொய்த் துப்பாக்கியாக இருக்கும் என்றும் அவரே சொன்னார், அந்தச் சொல் ரோந்துக் காரில் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கார் வந்து நின்ற இரண்டு வினாடிக்குள் சுட்டுவிட்டார்கள். மறுநாள் பையன் இறந்துபோனான். வயது 12. கறுப்பினப் பையன். சுட்டவர்மேல் வழக்குத் தொடரத் தேவையில்லை என்று 2015 டிசம்பரில் முடிவானது. நகராட்சி குடும்பத்துக்கு 60 லட்சம் டாலர் கொடுத்தது.

பிள்ளை கையில் இருந்தது சுடாது. எதிரே வந்தவனுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் பொறுமை இல்லை. அது அந்தப் பையன் தப்பு இல்லை, ஒருநாளும் இல்லை. ஆனாலும் நான் இப்போது ஒரு விரதம் மாதிரி சிலவற்றைக் கடைப்பிடிக்கிறேன். இது வாசலைத் தாண்டாது. ஜன்னல் பக்கம் நின்று கையில் எடுக்க மாட்டேன். காரில் வைக்க மாட்டேன். பொம்மை என்று தெரிந்தும் யார் பக்கமும் நீட்ட மாட்டேன், விசையில் விரல் வைக்க மாட்டேன். ஆரஞ்சை எடுக்க மாட்டேன், அதன்மேல் கறுப்புச் சாயம் பூசவும் மாட்டேன். ஜப்பானில் இந்த மாதிரிப் பிரதிகள்மேல் பைத்தியமாக இருக்கிறவர்கள் நிறைய. அங்கே 1971 முதல் உலோகத்தில் செய்யும் கைத்துப்பாக்கிப் பிரதியின் குழலை அடைத்து, வெள்ளையோ மஞ்சளோ பூசியாக வேண்டும். பொன் நிறத்தில் பளபளக்கிற பிஸ்டலைத்தான் அவர்கள் ஆசை ஆசையாகக் கழற்றிப் பூட்டுகிறார்கள். ரசனை ஒன்றும் குறைந்துபோகவில்லை.

பராமரிப்பு பெரிதாக இல்லை. கைவியர்வை பட்ட இடத்தை மெல்லிய துணியால் துடைத்து ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் போதும். துத்தநாகம் எஃகு மாதிரி அடி தாங்காது. கீழே போட்டால் உடையும், சும்மா சும்மா விசையை இழுத்து டக் டக் என்று தட்டினால் சுத்தியல் தேயும். இதை நான் இரண்டு சுத்தியலைக் கெடுத்த பிறகு கற்றுக்கொண்டேன்.

ஆகையால் நான் அனுப்பப்போவதில்லை. தபாலில் போட்டால் வழியில் யார் என்ன நினைப்பார்களோ! பெட்டியில் வைத்துக்கொண்டு வந்து சுங்கத்தில் நின்று விளக்கம் சொல்கிற வயதும் எனக்கு இல்லை. நீ 11ஆம் வகுப்பு முடித்துவிட்டு அடுத்த வருஷம் லீவுக்கு இங்கே வருவதாக அக்கா சொன்னாள். வா. சாப்பாட்டு மேசைமேல் பழைய வேட்டி ஒன்றை விரித்து வைக்கிறேன், ஒரு பகல் முழுக்கக் கழற்றிப் பூட்டுவோம். ஸ்பிரிங்கை மட்டும் கட்டைவிரலால் நன்றாக அமுக்கிப் பிடித்துக்கொள். போன மாதம் என் பிடி நழுவிப் பறந்துபோன மூடி இன்னும் சோபாவுக்கு அடியில்தான் எங்கேயோ கிடக்கிறது.

அன்புடன்,
மாமா