எஸ்டேட் வாங்கப் போகிறீர்களா? பின்கதவில் தொடங்குங்கள்

பழைய வண்டி பார்க்கப் போகிறவர் முதலில் செய்வது பானெட்டைத் தூக்குவது. டாடா எஸ்டேட்டைப் பார்க்கப் போகும்போது அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். இந்த வண்டியில் இன்ஜின் கெட்டிருந்தால் பணம் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். தகரமும் கண்ணாடியும் போயிருந்தால் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. பின்னாளில் டாடா மோட்டார்ஸ் ஆன டெல்கோ 1988-இல் டாடாமொபைல் பிக்கப்பைக் கொண்டுவந்தது. அதே அடித்தளத்தில் 1991-இல் சியரா, 1992-இல் எஸ்டேட். சட்டம், இன்ஜின், கியர் பாக்ஸ் எல்லாம் அந்தக் குடும்பத்துச் சொத்து. 1994-இல் வந்த சுமோவும் தொடக்கத்தில் அதே 1948 சிசி டீசல் இன்ஜினில்தான் ஓடியது. மெக்கானிக்குகள் 483 என்று சொல்வது இதைத்தான்: 4 சிலிண்டர், ஒவ்வொன்றும் 83 மி.மீ. விட்டம். இந்த இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய கைகள் மதுரையிலும் விருதுநகரிலும் இன்னும் இருக்கின்றன. ஆனால் பின்பக்கத்துப் பெரிய கண்ணாடிகள், மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு, டெயில் லேம்ப், பக்கவாட்டுத் தகரம் எல்லாம் எஸ்டேட்டுக்கே உரியவை. 2000 வாக்கில் உற்பத்தி நின்றது. புதுச் சாமான் என்ற பேச்சே இல்லை.

எந்த நேரத்தில் போவது

காலையில் போங்கள். முந்தின நாளே போன் செய்து, "வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வைங்க அண்ணாச்சி, நான் வந்தப்புறம் எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். சூடான டீசல் இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். மழையில் நனைந்த வண்டியையும், டியூப் லைட் வெளிச்சத்தில் நிற்கும் வண்டியையும் பார்க்காதீர்கள். ஈரம் எந்தப் பெயின்டையும் பளபளப்பாகக் காட்டும்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: ஒரு டார்ச், துணியில் சுற்றிய சிறு காந்தம், கீழே விரித்துப் படுக்க ஒரு பழைய சாக்கு. மெக்கானிக்கைக் கூட்டிப் போவதைவிட ஒரு டிங்கரைக் கூட்டிப் போவது நல்லது என்பது என் கருத்து. பெரும்பாலோர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

பின்கதவும் டிக்கியும்

நேராக வண்டியின் பின்னால் போய் நில்லுங்கள். கதவைத் தூக்கி, கையை எடுங்கள். அதுவாக நின்றால் கேஸ் ஷாக் உயிரோடு இருக்கிறது. இறங்கினால் பெரிய குறை இல்லை, ஏறக்குறைய அளவுள்ள வேறு வண்டியின் கேஸ் ஷாக்கைப் பூட்டிக்கொள்ளலாம். நீங்கள் கவனிக்க வேண்டியது கீல் பூட்டியிருக்கும் கூரை ஓரம். அங்கே பெயின்ட் வெடித்திருக்கிறதா, வெல்டிங் பிசிறு தெரிகிறதா என்று பாருங்கள். பின்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரை விரலால் அழுத்துங்கள். நம் பக்கத்து வெயிலில் ரப்பர் அப்பளம் போல நொறுங்கும். ரப்பர் போன இடத்தில் தண்ணீர் இறங்கும், தண்ணீர் இறங்கிய இடத்தில் கதவின் அடி ஓரம் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே தெரியும் சிறு கொப்புளத்துக்குப் பின்னால் உள்ளங்கை அளவு ஓட்டை இருக்கலாம்.

கதவை மூடும்போது நான்கு ஓரத்திலும் இடைவெளி ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒரு பக்கம் விரல் நுழைய, மறுபக்கம் உரசினால் பின்னால் எப்போதோ அடி வாங்கிய வண்டி. டெயில் லேம்ப் இரண்டும் ஒரே நிறமாக மங்கியிருக்கிறதா பாருங்கள். ஒன்று மட்டும் வேறு வண்டியுடையது என்றால், அந்த மூலைத் தகரத்தில் காந்தத்தை வையுங்கள். பட்டி கனமாகப் பூசிய இடத்தில் காந்தம் பிடிக்காமல் வழுக்கும். பெயின்ட் எவ்வளவு மினுங்கினாலும் காந்தம் ஏமாறாது.

கண்ணாடி ஒவ்வொன்றின் மூலையிலும் தயாரிப்பாளர் முத்திரை இருக்கும். எல்லாம் ஒரே முத்திரையாக இருந்தால் வண்டி பெரிய விபத்தைப் பார்க்காமல் வந்திருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். பின்பக்கக் கண்ணாடியில் விரிசல் இருந்தால் என்னைக் கேட்டால் திரும்பி வந்துவிடச் சொல்வேன்.

இப்போது டிக்கிக்குள். விருதுநகர், ஆமத்தூர், திருத்தங்கல், சிவகாசி என்று நீளும் இந்த வட்டாரத்தில், எதையும் பார்க்குமுன் விற்பவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: முன்பு வண்டி யாரிடம் இருந்தது, அவருக்கு என்ன தொழில்? குடும்ப வண்டி என்றுதான் சொல்வார்கள். ஆனால் இவ்வளவு பெரிய டிக்கியைச் சும்மா விட்டு வைக்கிற ஊரா இது? அச்சகத்துக்குப் பேப்பர் கட்டும் காலண்டர் பண்டலும் ஏற்றிய வண்டியில், பின்கதவு வாசலின் உதட்டில் பெயின்ட் தேய்ந்து தகரம் தெரியும், தரை நடுவில் குழிந்திருக்கும், பின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அதைச் சோதிக்க, வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பத்தடி தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். பிறகு பின்னால் நான்கு பேரை உட்காரவைத்து மறுபடி பாருங்கள். வெறும் வண்டியே பின்னால் உட்கார்ந்திருந்தால் ஸ்பிரிங் வேலை இருக்கிறது. அது பயப்படும் செலவு அல்ல.

பட்டாசு, தீப்பெட்டித் தொழிலைத் தொட்ட வண்டி என்றால் சங்கதி வேறு. கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். அலுமினியப் பொடியின் வெள்ளிக் கறை, கந்தகத்தின் மஞ்சள், உப்புப் பூத்தது போன்ற வெள்ளைப் படிவு எதுவும் தெரிகிறதா? குளோரேட், நைட்ரேட் உப்புகள் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை வேகமாக அரிக்கும். வறண்ட ஊரில் ஓடிய வண்டிக்கு டிக்கித் தரை மட்டும் ஓட்டையாக இருந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். துருவைவிடப் பெரிய ஆபத்து, அந்த உப்பு ஊறிய துணியும் பஞ்சும் ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும் என்பது. அப்படிப்பட்ட வண்டியை வாங்கியே ஆக வேண்டுமென்றால், சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. கார்பெட்டைக் கழற்றி வெளியே எடுத்து, தரையை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே வெல்டிங் கொடுக்கலாம். வெல்டரிடம் விஷயத்தைச் சொல்லாமல் வண்டியை விட்டுவிட்டு வருவது பாவம்.

கீழே படுத்துப் பார்ப்பது

சாக்கை விரியுங்கள். எஸ்டேட்டுக்குத் தனிச் சட்டம் உண்டு, அதன் மேல்தான் பாடி உட்கார்ந்திருக்கிறது. பின்னாளில் வந்த பெலினோ ஆல்டுரா, சியனா வீக்கெண்ட், இண்டிகோ மரினா போன்ற வேகன்களில் பாடியே சட்டம். அவற்றில் கால்படித் தகரம் உளுத்தால் வண்டியின் உயிரே போனது போல. எஸ்டேட்டில் கால்படி உளுத்திருந்தாலும் சட்டம் நேராக இருந்தால் பிழைக்கவைக்கலாம்.

சட்டத்தின் உள்மூலைகளிலும் வீல் ஆர்ச் மடிப்புகளிலும் கரிசல் மண் அப்பியிருக்கிறதா பாருங்கள். கரிசல் மண் ஒட்டினால் லேசில் விடாது, மழை ஈரத்தை நாள்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். மண்ணைக் குத்தி எடுத்துவிட்டு, தகரத்தை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது. மொத்து மொத்தென்றால் உள்ளே ஒன்றுமில்லை. கீழே முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். நம்பர் TN 69 என்றால் தூத்துக்குடிப் பதிவு. உப்பளக் காற்றில் வளர்ந்த வண்டியாக இருக்கக்கூடும், இன்னும் பத்து நிமிடம் கூடுதலாகப் படுத்துப் பாருங்கள். TN 67 விருதுநகர்ப் பதிவு, துரு பயம் குறைவு, வெயில் பயம் அதிகம்.

இப்போது பானெட்

இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறது என்றால் உங்களுக்காக ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ரேடியேட்டர் மூடியை ஆறியிருக்கும்போது மட்டும் திறங்கள். தண்ணீரின் மேல் எண்ணெய் மிதந்தாலும், ஸ்டார்ட் செய்தபின் குமிழி விடாமல் வந்தாலும் ஹெட் கேஸ்கெட் சந்தேகம். ஆயில் கறுப்பாக இருந்தால் கவலை வேண்டாம், டீசல் வண்டியில் அது அப்படித்தான். பால் கலந்தது போல இருந்தால்தான் கவலை.

ஹீட்டர் பிளக் விளக்கு அணைந்ததும் சாவியைத் திருப்புங்கள். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து அடங்குவது இயல்பு. அடங்காத வெள்ளைப் புகை, கம்ப்ரஷன் குறைவையோ உள்ளே தண்ணீர் கசிவதையோ காட்டும். நீலப் புகை, ஆயில் எரிகிறது. ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது அடர்ந்த கறுப்புப் புகை வந்தால் ஏர் ஃபில்டர், நாசில், பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். லேசான ஆவி சரி. ரயில் இன்ஜின் போலக் குப்குப்பென்று தள்ளினால் பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங்குகள் தேய்ந்துவிட்டன. இன்ஜின் வேலைக்கு ஆகும் தொகையை உள்ளூர் மெக்கானிக்கிடம் கேட்டு விலையில் கழித்துவிடுங்கள். இந்தக் கட்டத்தில் யாரும் வாங்குவதை நிறுத்த வேண்டியதில்லை.

ஓட்டிப் பார்ப்பது

சிவகாசி பஜாரில் ஏசி போட்டு ஊர்ந்து பாருங்கள், டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா என்று தெரிந்துவிடும். பிறகு நான்குவழிச் சாலைக்குப் போங்கள். இழுவை மந்தமாகத் தோன்றும். அது நோயல்ல, டர்போ இல்லாத 68 குதிரைச் சக்தி இன்ஜின் இவ்வளவு கனத்தைத் தூக்குகிறது. 80-இல் ஸ்டியரிங் நடுங்கினால் வீல் பேலன்ஸ் அல்லது முன்பக்கப் புஷ், பால் ஜாயின்ட். சீட்டுக்கு அடியில் அதிர்வு என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ். ஆக்ஸிலேட்டரை விட்டதும் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வந்தால் கிரவுன் பினியன். கியரில் வைத்துக் காலை எடுக்கும்போது கியர் தானாக வெளியே வந்தால் பாக்ஸ் இறக்க வேண்டும். கிலோமீட்டர் காட்டுவதை நம்ப வேண்டாம், பெடல் ரப்பரின் தேய்மானம் அதைவிட நம்பகமானது.

காகிதம்

சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் நீங்களே தேடிப் படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். இந்த வண்டிகளில் இன்ஜின் மாற்றுவது நிறைய நடக்கக்கூடியது. மாற்றியது குற்றமல்ல, அதை ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டதுதான் வம்பு. பழைய புத்தக ஆர்.சி.யில் தயாரிப்பாளர் டெல்கோ என்றிருக்கும், ஏனெனில் டாடா மோட்டார்ஸ் என்ற பெயரே 2003-இல்தான் வந்தது. முதல் பதிவு 15 ஆண்டுக்கு. அதன்பின் ஐந்தைந்து ஆண்டாக எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய், பசுமை வரி தனி. புதுப்பிக்காமல் கிடக்கும் வண்டியென்றால் இதையெல்லாம் விலை பேசும்போதே எடுத்துப் போடுங்கள். "விண்டேஜ் வண்டி, மதிப்பு ஏறும்" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்: 2021 விதிப்படி விண்டேஜ் ஆக 50 ஆண்டு வேண்டும், முதல் எஸ்டேட்டுக்கே 2042 ஆகும்.

படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள், வேறு மாநில வண்டிக்குப் படிவம் 28 என்.ஓ.சி., கடன் பதிவு இருந்தால் 35. வண்டியைப் பெற்றுக்கொண்ட தேதியும் மணியும் எழுதிய டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்திடுங்கள். மாற்றம் முடியும்வரை ஏதாவது நடந்தால் அந்தத் தாள்தான் பேசும். அட்வான்ஸ் கொடுக்குமுன், வீட்டுப் பரணில் பழைய டெயில் லேம்ப், கதவு பீடிங், கண்ணாடி ரப்பர் ஏதாவது கிடக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் விலையில் ஆயிரம் ரூபாய் குறைக்கச் சொல்வதைவிட அந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்வது லாபம்.