கட்லாவா, ரோகுவா? வாயைப் பாருங்கள்!

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும்போது மீனுக்குக் கண்ணைவிட மோப்பமே உதவும்; தூண்டிலில் மண்புழு கோத்துவிடுங்கள். தண்ணீர் தெளிந்தபின் கோதுமை மாவு உருண்டை போதும்.

சிக்கியது எது? கட்லாவுக்குப் பெருந்தலை, கீழ்த்தாடை துருத்தி வாய் மேல்நோக்கி இருக்கும். ரோகுவுக்குத் தலை சிறிது. வாய் கீழ்நோக்கும், உதட்டோரம் குஞ்சம் வைத்ததுபோல் இருக்கும், துடுப்புகளில் செம்மை. மிர்கால் ஒல்லி, வெள்ளி மினுமினுப்பு. உதட்டில் குஞ்சம் இராது. மூன்றுமே கங்கையிலிருந்து கொண்டுவந்து காவிரியில் விட்டவைதாம்!

சந்தையில் ஏமாறுவது விராலில்தான். குறவையையே ‘குட்டி விரால்’ என்று தள்ளிவிடுவார்கள். விரால் நீளமாக வளரும், பக்கவாட்டில் சாய்ந்த கரும்பட்டைகள் ஓடும். குறவை பெரும்பாலும் ஒரு சாணைச் சற்றே தாண்டும்; உடலெங்கும் கரும்புள்ளிகள் இருக்கும்.

மழைக்காலத்தில் கரையோரம் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்செடுத்தால், அடியில் பெற்றோர் விரால் காவல் நிற்கும். அங்கே தூண்டில் போட்டால் உடனே பாயும், எளிதில் மாட்டும். போடாதீர்கள், காவல் போனால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரை.