முகச் சீரம் தயாரித்தல்: அளவும் ஒழுங்கும்

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. உயரம் கூடக்கூட வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்களின் வலிமையும் கூடும். தை, மாசி மாதங்களிற் குளிர்காற்றும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். கரட், லீக்ஸ் பாத்திகளிற் களை பிடுங்குவோரும் ஹற்றன் மலைகளிற் கொழுந்து பறிப்போரும் முகம் வறண்டு வெடிக்கிறதென்று முறையிடுவது இதனாலேயே.

இதற்கு மருந்தென்று எண்ணிச் சிலர் பெயர் விபரமற்ற வெண்மைக் களிம்புகளை வாங்குகின்றனர். அவற்றுட் சிலவற்றிற் பாதரசம் கலந்திருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சாகும். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2013ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு, 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பொருள்களின் விபரம் அச்சிடப்படாத களிம்பை வாங்காதீர்கள்.

வறட்சியைத் தணிக்கும் மெல்லிய கூழ்நீரை, அதாவது சீரத்தை, வீட்டிலேயே தயாரிக்கலாம். இது நிறத்தை மாற்றாது, வெயிலையும் தடுக்காது. தோலில் ஈரத்தை நிறுத்தும், அவ்வளவே.

தேவையான பொருள்கள் (100 கிராமுக்கு)

காய்ச்சி வடித்த நீர்: 93.7 கிராம்
கிளிசரின்: 5 கிராம்
சாந்தன் பிசின்: 0.3 கிராம்
பீனொக்சிஎதனோலும் எதில்ஹெக்சில்கிளிசரினும் சேர்ந்த பாதுகாப்புப் பொருள்: 1 கிராம்

கிளிசரின் ஈரத்தைப் பற்றி வைத்திருக்கும். பிசின் தடிப்பைக் கொடுக்கும். பாதுகாப்புப் பொருள் பற்றீரியாவும் பங்கசும் பெருகாமற் காக்கும். கரண்டி அளவு இதற்கு உதவாது, 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு அவசியம். பீடைநாசினி அளந்த பாத்திரத்தையோ தராசையோ எக்காரணங்கொண்டும் உபயோகிக்க வேண்டாம்.

தயாரிக்கும் முறை

உருளைக்கிழங்கின் வெளிறல் நோய்க்குப் போர்டோக் கலவை கூட்டும்போது, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றும் ஒழுங்கைக் கமக்காரர் அறிவர். இங்கும் ஒழுங்கே முக்கியம்.

1. கொதிநீரிற் கழுவி உலர்த்திய கண்ணாடிப் பாத்திரத்திற் கிளிசரினை இடுக.
2. அதிற் பிசினைத் தூவி, பசைபோலாகும்வரை கலக்குக. பிசினை நேரே நீரிற் போட்டால் வெளிப்புறம் மட்டும் நனைந்து கட்டியாகிவிடும்.
3. நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கி, கூழ் ஒரே சீராகும்வரை வைத்திருக்குக.
4. இறுதியிற் பாதுகாப்புப் பொருளைச் சேர்த்து நன்கு கலக்குக.
5. அமிலகாரத் தாளாற் சோதிக்குக. 5க்கும் 6க்கும் இடையில் இருத்தல் நன்று.

தடிப்புப் போதாதெனில் அடுத்த முறை பிசினை 0.4 கிராமாக்கி, அந்த அளவு நீரைக் குறைக்கலாம். 0.5 கிராமுக்கு மேற்சென்றால் வழுவழுப்பு மிகும். முகத்தில் ஒட்டினாற் கிளிசரினைக் குறைக்க வேண்டும். தடிப்பு கூடியதனால் குணம் கூடியதென்று எண்ண வேண்டாம்.

சேர்க்கக் கூடாதவை

தோட்டத்துக் கற்றாழைச் சாற்றையும் வெள்ளரிச் சாற்றையும் தேயிலைச் சாயத்தையும் சேர்க்கலாமே என்று பலர் கேட்பர். சேர்க்க வேண்டாம். பச்சைச் சாறுகளிலுள்ள வெல்லமும் பிற சத்துகளும் நுண்ணங்கிகளுக்கு உணவாகும். மேலே கூறிய பாதுகாப்புப் பொருள் அவற்றைத் தாங்காமற் போகலாம். தேயிலைச் சாயம் காற்றுப்பட்டுக் கறுக்கும். தேசிக்காய்ச் சாறு பட்ட தோல் வெயிலிற் புண்ணாகக்கூடும்.

எச்சரிக்கை

முதலில் முழங்கையின் உட்புறத்திற் சிறிது பூசிச் சில நாட்கள் கவனியுங்கள். சிவப்போ அரிப்போ கண்டால் விட்டுவிடுங்கள். வெடித்துப் புண்ணான தோலிற் பூசாது வைத்தியரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் சிறிதளவே தயாரித்து, திகதி எழுதிய போத்தலிற் குளிரான இடத்தில் வையுங்கள். மணம், நிறம், தடிப்பு மாறினால் உடனே கொட்டிவிடுங்கள். மாறாதிருப்பதும் முழுப் பாதுகாப்புக்குச் சான்றாகாது. கண்ணுக்குத் தெரியாமலே நுண்ணங்கிகள் பெருகக்கூடும். ஆதலால் ஆய்வுகூடப் பரிசோதனையின்றி இதனைப் பிறருக்கு விற்க வேண்டாம்.

வெயிலைத் தடுக்கத் தொப்பியும் தலைத்துண்டுமே துணை. வேலை முடிந்து முகங்கழுவியபின், ஈரம் உலருமுன் இரண்டொரு துளி பூசினாற் போதும். செலவு சிறிது, ஆயினும் அளவிலும் சுத்தத்திலும் கவனம் குறையலாகாது.