எடை குறைந்த குழந்தைக்குக் கங்காரு பராமரிப்பு: பெற்றோரும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

பிறக்கும்போது 2.5 கிலோவுக்கும் குறைவாக இருக்கும் குழந்தையை எடை குறைந்த குழந்தை என்கிறோம். சில குழந்தைகள் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடுவதால் எடை குறைந்திருக்கும். வேறு சில, மாதம் நிறைந்தும் கருப்பையில் போதிய வளர்ச்சி இல்லாமல் சிறுத்துப் பிறக்கும். இரு வகைக் குழந்தைகளையும் முதலில் தாக்குவது குளிர்.

மலேசியாவில் குளிரா என்று நீங்கள் கேட்கலாம். வெளியே வெயில் கொளுத்தினாலும், தாயின் வயிற்றுக்குள் ஏறக்குறைய 37 டிகிரி வெப்பத்தில் இருந்த குழந்தை, நனைந்த உடலோடு குளிர்சாதன அறைக்குள் வந்து விழுகிறது. அதன் தோலுக்கு அடியில் கொழுப்பு மிகக் குறைவு. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்போ மிக அதிகம். ஆகவே உடல் சூடு வேகமாக வெளியேறிவிடும். இழந்த சூட்டை ஈடுகட்ட, குழந்தை தன்னிடம் உள்ள சிறிதளவு சர்க்கரையையும் பிராணவாயுவையும் செலவழிக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது, மூச்சு தடுமாறுகிறது, பால் குடிக்கும் வலு போய்விடுகிறது. பால் இறங்காவிட்டால் சூடு இன்னும் குறையும். இந்தச் சுழலைத் தொடக்கத்திலேயே நிறுத்த வேண்டும். அக்குளில் அளக்கும் வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியசுக்குள் இருப்பதே இயல்பு.

அதற்கான வழிதான் கங்காரு பராமரிப்பு. குழந்தையைத் தாயின் வெறும் மார்பில், தோலோடு தோல் படும்படி, நீண்ட நேரம் அணைத்து வைத்திருப்பதும், கூடவே தாய்ப்பால் கொடுப்பதும் சேர்ந்ததே இந்தப் பராமரிப்பு. முழு வளர்ச்சி அடையாமல் பிறக்கும் தன் குட்டியைக் கங்காரு வயிற்றுப் பையில் வைத்து வளர்ப்பதால் இந்தப் பெயர் வந்தது.

எங்கே தொடங்கியது?

1978-ஆம் ஆண்டில், கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டாவில் உள்ள தாய் சேய் மருத்துவமனை ஒன்றில் இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒரே இன்குபேட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் படுக்க வைக்க நேர்ந்தது. ஒரு குழந்தையின் கிருமித்தொற்று அடுத்த குழந்தைக்கும் பரவியது. டாக்டர் எட்கர் ரெய் சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர், குழந்தைகளைத் தாய்மாரின் மார்பிலேயே வைத்துப் பராமரிக்கும் முறையைக் கொண்டு வந்தார். டாக்டர் ஹெக்டர் மார்ட்டினெஸ் அவருடன் சேர்ந்து அதை வளர்த்தெடுத்தார்.

இந்தப் பிறப்பிடக் கதையால் ஒரு தவறான எண்ணமும் ஒட்டிக்கொண்டது. "இயந்திரம் இல்லாத ஏழை நாட்டுக்குத்தான் கங்காரு முறை, நமக்கு இன்குபேட்டர் இருக்கிறதே" என்று பலர் நினைத்தார்கள். இன்றும் சில குடும்பங்களில் இதைக் கேட்கலாம். பின்னர் வந்த ஆய்வுகள் இந்த எண்ணத்தைப் பொய்யாக்கிவிட்டன.

"முதலில் தேறட்டும், பிறகு தூக்கலாம்"

பல ஆண்டுகளாக மருத்துவர்களும் இப்படித்தான் சொல்லி வந்தார்கள். குழந்தை முதலில் இன்குபேட்டரில் நிலைப்பட வேண்டும், அதன் பிறகே தாயின் மார்புக்கு வரவேண்டும் என்பது நடைமுறை. அந்த முதல் சில நாள்களில்தான் சிறு குழந்தைகள் அதிகம் இறக்கின்றன என்பதால் ஒரு கேள்வி எழுந்தது. காத்திருக்காமல் பிறந்த உடனேயே தொடங்கினால் என்ன?

இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் உலகச் சுகாதார நிறுவனம் இதை ஆராய்ந்தது. 1 கிலோ முதல் 1.799 கிலோ வரை எடையுள்ள 3,211 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவினருக்குப் பிறந்தவுடனே கங்காரு பராமரிப்பு தொடங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் தாய்க்கும் குழந்தை அருகிலேயே கட்டில் போடப்பட்டது. மற்றப் பிரிவினர் வழக்கப்படி நிலைப்பட்ட பிறகு தொடங்கினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த காலத்தில், முதல் பிரிவுக் குழந்தைகள் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 17 மணி நேரம் மார்பில் இருந்தன; மற்றக் குழந்தைகளோ ஒன்றரை மணி நேரம்தான். 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் முதல் பிரிவில் 12 விழுக்காடு, மற்றப் பிரிவில் 15.7 விழுக்காடு. அதாவது நான்கு மரணங்களில் ஒன்று தவிர்க்கப்பட்டது. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், இனியும் ஒரு பிரிவினரைக் காத்திருக்க வைப்பது முறையல்ல என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 2021-இல் முடிவு வெளியானது.

கவனியுங்கள்: இரு பிரிவினருக்கும் மருத்துவமும் கருவியும் கிடைத்தன. கூடுதலாகக் கிடைத்தது தாயின் மார்பும் நேரமும்தான். தாய் அருகிலேயே இருந்ததால் சீம்பால் சீக்கிரம் கிடைத்தது. குழந்தையைத் தொடும் அந்நியக் கைகள் குறைந்தன. தாயின் தோலில் உள்ள தீங்கற்ற நுண்ணுயிர்கள் குழந்தைக்கு முதல் காப்பாக அமைந்தன. மூச்சில் சிறு மாற்றம் ஏற்பட்டாலும் நெஞ்சில் வைத்திருப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

2022 நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டலைத் திருத்தியது. குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த எல்லாக் குழந்தைகளுக்கும் கங்காரு பராமரிப்பே வழக்கமான பராமரிப்பு. பிறந்த பின் கூடிய விரைவில் தொடங்க வேண்டும். நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை, முடிந்த அளவு நீட்டிக்க வேண்டும். தானாக மூச்சுவிட இயலாத, செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்படும், அல்லது இரத்த ஓட்டம் குலைந்து அதிர்ச்சி நிலையில் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் மருத்துவர் பொறுத்திருந்து முடிவு செய்வார். மூக்கில் பிராணவாயுக் குழாயோ வாய்வழிப் பால் குழாயோ இருப்பது தடையல்ல. தாதி குழாய்களைச் சரிப்படுத்தி உங்கள் மார்பில் வைத்துத் தருவார்.

எப்படி வைப்பது?

முதல் முறை தாதியின் உதவியோடு செய்யுங்கள். கைகளைச் சோப்பால் கழுவி, மோதிரம், வளையல், சங்கிலியைக் கழற்றி வையுங்கள். முன்புறம் திறக்கும் சட்டையோ தளர்வான கைலியோ வசதி. குழந்தைக்கு டயப்பர், தொப்பி, காலுறை மட்டும் போதும்.

குழந்தையை உங்கள் இரு மார்புகளுக்கும் நடுவில் நிமிர்த்தி வையுங்கள். அதன் நெஞ்சு உங்கள் நெஞ்சோடு ஒட்டியிருக்கட்டும். தலை ஒரு பக்கம் திரும்பி, முகவாய் சற்றே மேல்நோக்கி இருக்க வேண்டும். இதில் மட்டும் சமரசம் வேண்டாம். கழுத்து முன்னால் மடிந்தால் மூச்சுக்குழாய் அடைபடும். மிகவும் பின்னால் சாய்ந்தாலும் அப்படியே. கைகால்கள் தவளை உட்கார்ந்திருப்பதுபோல மடங்கியிருக்கட்டும். பிறகு ஒரு நீளமான துணியால் இருவரையும் சேர்த்துச் சுற்றிக் கட்டுங்கள். துணியின் மேல் விளிம்பு குழந்தையின் காதுக்குக் கீழே வரவேண்டும். நீங்கள் எழுந்து நின்றால் குழந்தை நழுவாத அளவு இறுக்கம் தேவை. ஆனால் வயிறு மூச்சில் ஏறி இறங்க இடம் வேண்டும். குழந்தையின் முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரியட்டும்.

கட்டுவதற்குப் பழைய வாயில் புடவை நன்றாகப் பயன்படும். ஆனால் அலமாரியில் அந்துருண்டை போட்டு வைத்த புடவை வேண்டாம். ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்துருண்டையின் வாடையே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரலாம். நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தச் சோதனை செய்கிறார்கள். முடிவு எதுவாக இருந்தாலும், குழந்தை இருக்கும் வீட்டில் அந்துருண்டையைத் தவிர்ப்பதே நல்லது.

ஒரு முறை வைத்தால் குறைந்தது ஒரு மணி நேரம் வைத்திருங்கள். அடிக்கடி எடுப்பதும் வைப்பதும் குழந்தையைக் களைப்படையச் செய்யும். தலையணைகளை அடுக்கிச் சற்றுச் சாய்ந்த நிலையில் இருந்தால் முதுகு வலிக்காது. சோபாவில் அமர்ந்தபடி உறங்கிவிடாதீர்கள். கண் சொக்கினால் குழந்தையை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

எட்டு மணி நேரம் யாரால் முடியும்?

தனியாக ஒரு தாயால் எளிதில் முடியாது. அதுவும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாய்க்கு முதல் நாளில் எழுந்து உட்காருவதே கடினம். ஆனால் தாயின் மார்புதான் வேண்டும் என்றில்லை. அப்பாவின் நெஞ்சிலும் அதே சூடு உண்டு. காலையில் அம்மா நான்கு மணி நேரம், மதியம் பாட்டியோ சித்தியோ இரண்டு மணி நேரம், வேலை முடிந்து வந்ததும் அப்பா இரண்டு மணி நேரம் என்று பிரித்தாலே எட்டு ஆகிவிடும். வைத்துக்கொள்பவருக்குக் காய்ச்சல், இருமல், தோல் நோய் இருக்கக் கூடாது. புகைப்பவர் வேண்டாம். இரட்டைக் குழந்தைகள் என்றால் ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம்.

மருத்துவமனையில் உறவினர் தங்கும் நேரமும் இடவசதியும் இடத்துக்கு இடம் மாறும். உண்மையைச் சொன்னால், கங்காரு பராமரிப்புக்குப் பெரும்பாலும் தடையாக இருப்பது இயந்திரப் பற்றாக்குறை அல்ல; தாய் சாய்ந்து அமர ஒரு நாற்காலி இல்லாததும், பெற்றோரை "பார்வையாளர்" என்று கருதுவதுமே. எனவே கேட்கத் தயங்காதீர்கள். "என் குழந்தைக்கு இன்று கங்காரு பராமரிப்பு தொடங்கலாமா? எத்தனை மணி நேரம் இருக்கலாம்? அப்பாவும் வரலாமா?" என்று தாதியிடம் தினமும் கேளுங்கள்.

வேலைக்குச் செல்லும் அப்பாமார்களுக்கு ஒரு தகவல். வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் தந்தையர் விடுப்பு தொடர்ச்சியாக 7 நாள். மகப்பேறு விடுப்பு 98 நாள். தந்தையர் விடுப்புக்கு ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு 30 நாள் முன்னதாகத் தெரிவிப்பது முறை என்றாலும், குழந்தை முந்திப் பிறந்துவிட்டால் பிறந்த பின் கூடிய விரைவில் தெரிவித்தாலும் ஏற்கப்படும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு

பிள்ளை பெற்ற வீட்டில் பாட்டிமார் சொல்வதே சட்டம். எனவே இந்தப் பகுதியை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். "பச்சை உடம்புக்காரி குழந்தையை நாள் முழுக்கச் சுமக்கலாமா?" என்ற அவர்களின் கவலை நியாயமானதே. பதில்: இது தூக்கிச் சுமப்பது அல்ல, சாய்ந்து ஓய்வெடுப்பது. தாய்க்கும் பால் நன்றாகச் சுரக்க உதவும். பத்தியச் சாப்பாடும் எண்ணெய்க் குளியலும் தாயின் விருப்பம். ஆனால் மார்பில் தைலம், பவுடர், வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு குழந்தையை வைக்க வேண்டாம். சாம்பிராணிப் புகை முதிராத நுரையீரலுக்கு ஆகாது. எடை கூடும்வரை குழந்தையைத் தினமும் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதையும் தள்ளிப் போடுங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்தாலே போதும்.

வீடு திரும்பிய பிறகு

கங்காரு பராமரிப்பு மருத்துவமனையோடு முடிவதில்லை. இந்தியாவின் ஹரியானா மாநிலத்தில் 1.5 முதல் 2.25 கிலோ எடையுள்ள 8,402 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், வீட்டிலேயே இதைத் தொடங்கிய குடும்பங்களில் முதல் 28 நாள் இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. அங்கே வீடு தேடிச் சென்று சொல்லிக் கொடுக்க ஆள்கள் இருந்தார்கள். சுகாதாரக் கிளினிக்கின் தாதி உங்கள் வீட்டுக்கு வரும்போது, நீங்கள் குழந்தையை வைத்துக் கட்டும் விதத்தை அவரிடம் காட்டிச் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

குழந்தை பால் குடிக்க மறுத்தால், மூச்சு விட்டு விட்டு வந்தால், மூச்சின்போது விலா உள்ளிழுத்தால், உதடு நீலம் பாரித்தால், துவண்டு போனால், வலிப்பு வந்தால், மார்பில் ஒரு மணி நேரம் வைத்தும் உடல் சூடாகாவிட்டால், அல்லது காய்ச்சல் கண்டால் காத்திருக்க வேண்டாம். உடனே 999 எண்ணை அழையுங்கள் அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். போகும் வழியிலும் குழந்தை மார்போடு இருக்கட்டும். சூடு காக்க அதைவிடச் சிறந்த வழி இல்லை. காரில் சென்றால் வேறொருவர் ஓட்ட, நீங்கள் பின்னால் அமருங்கள். கண்ணும் தோலும் மஞ்சளாகத் தெரிந்தால் அன்றே கிளினிக்குக்குக் கொண்டு செல்லுங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதைக் குழந்தையே சொல்லிவிடும். எடை 2.5 கிலோவை நெருங்கும்போது, அல்லது பிறக்க வேண்டிய நாள் நெருங்கும்போது, துணிக்குள் நெளியும், கையை வெளியே இழுக்கும், சிணுங்கும். அப்போது நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். கண் விழித்திரை, செவித்திறன், எடை, தலைச் சுற்றளவு ஆகியவற்றைப் பரிசோதிக்கும் தேதிகள் குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். 32 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 1.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனையை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். அந்தச் சில வாரங்கள் கடந்துவிட்டால் சிகிச்சை பலன் தராமல் போகலாம்.